உப்பில் கலந்த சாரல்

எங்கள் ஊறுகாய்க் கொட்டகையின் பழைய நீல டிரம்மில், ‘காய்ந்த உப்பு 15, தண்ணீர் 85’ என்று பெயிண்டால் எழுதியிருக்கும். ‘காய்ந்த’ என்ற சொல் மட்டும் மதினியின் கையெழுத்து, மீதி என்னுடையது. மதினி என் அண்ணனின் மனைவி. தென்காசியில் வீட்டுக்குப் பின்னால் அந்தக் கொட்டகையைப் போட்டவர். வேதியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை, ‘இவளுக்குச் சரிப்படுமா?’ என்று அண்ணன் இழுத்தபோதும் சேர்த்துக்கொண்டு, உப்புக் கரைசலை என் பொறுப்பில் விட்டார். சொதப்பினால் மறுபடி வீட்டில் முடங்க வேண்டியதுதான் என்பது எனக்குத் தெரியும்.

நூறு கிலோ கரைசலில் பதினைந்து கிலோ உப்பு இருந்தால் பதினைந்து சதவீதம். நூறு கிலோ தண்ணீரில் பதினைந்தைக் கொட்டினால் பதிமூன்றுதான் தேறும் என்று மதினிக்கே பாடம் எடுத்திருந்தேன். அவ்வளவு மிதப்பு! குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் எங்கள் கொட்டகைக்குள்ளும் அடித்துக்கொண்டிருந்த காலை அது. மூன்று டிரம் கரைசல் தயார். புளியங்குடி எலுமிச்சை கழுவிக் காத்திருந்தது. மதினி கரைசலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு மட்டா இருக்கே, ஏட்டி.”

“நிறுத்துதான் போட்டேன், மதினி.”

“ஒன் கணக்கையா சொல்லுதேன்? உப்பச் சொல்லுதேன்.”

மூட்டைக்குள் கைவிட்டார். உப்பு பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு கிலோ நிறுத்து, இரும்புச் சட்டியில் ஈரம் போக வறுத்து, ஆறியதும் மறுபடி தராசில் வைத்தார். தொள்ளாயிரம் கிராம்தான் இருந்தது. மீதி நூறு கிராம் சாரல். டிரம்முக்கு நான் போட்ட பதினைந்து கிலோவில் ஒன்றரை கிலோ வெறும் தண்ணீர். எனக்கு முகம் செத்துவிட்டது.

“அப்ப டிரம்முக்கு ஒன்றரைக் கிலோ வறுத்துப் போட்டுருவமா?” என்றார்.

அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. “போடுற உப்பும் மொத்த எடையில சேரும்லா, மதினி. ஒண்ணே முக்கால் வேணும்.”

மதினி சிரித்துவிட்டார். இருவரும் வியர்க்க வியர்க்க வறுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் எட்டிப் பார்த்து என்ன நடக்கிறது என்று கேட்டார். என் கை நின்றுவிட்டது.

“சாரல்ல உப்பு நமத்துட்டு. ஒங்க தங்கச்சி கணக்குப் போட்டுச் சரி பண்ணுதா” என்றார் மதினி. அந்த இடத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதினி இப்போது சிவகிரியில் மகள் வீட்டில் இருக்கிறார். கொட்டகை என் கையில். சாரல் விழுந்த அன்றே போன் வந்துவிடும்: “உப்ப வறுத்துப் பாத்தியா?” பார்க்காமல் இருப்பேனா? புது டிரம் வந்தால் முதலில் ‘காய்ந்த’ என்ற அவருடைய சொல்லை எழுதுகிறேன். அதற்குப் பிறகுதான் என்னுடைய எண்.