ஒல்லியான அண்ணனும் கொழுத்த ஈரலும்

வயிற்றில் ஜெல் தடவி ஈரலைப் படம் பிடிப்பது என் தொழில். "சாப்பிடாம வாங்க" என்று நீங்கள் சொல்லி, யாராவது அப்படியே வந்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எங்கள் டத்தோ கிராமாட் கிளினிக்கில் எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வெறும் வயிறு

கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து செபஸ்தியான் அண்ணன் வந்தார். ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஒட்டடைக்குச்சி உடம்பு. கூடவே மனைவி மேரி அக்கா. ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்று தெரிந்து டாக்டர் ஸ்கேன் எழுதியிருந்தார். வெறும் வயிறுதானே என்று கேட்டேன். ஃபெர்ரி ஏறுமுன் ஒரு தே தாரிக் குடித்தாராம், நுரைக்க ஆற்றிய டீ, பால் தூக்கலாக. நாளைக்கு வரச் சொன்னேன். அண்ணனுக்கு நியாயமாகவே கோபம் வந்தது.

"கடிச்சுத் தின்னாத்தானே லா அது சாப்பாடு?"

பளிச்சென்று ஓர் ஈரல்

மறுநாள் திரையைப் பார்த்து நானே திகைத்தேன். ஈரல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அத்தனை கொழுப்பு! டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குடிப்பீர்களா என்று வழக்கம்போல் கேட்டார். இல்லவே இல்லை என்றார் அண்ணன்.

டாக்டர் வெளியே போனதும் மேரி அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். அவருடைய அப்பா குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். குடிக்காத மாப்பிள்ளை என்றுதான் அண்ணனுக்குச் சம்மதம் சொன்னாராம். அண்ணன் வயிற்று ஜெல்லைக்கூடத் துடைக்காமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"முப்பது வருஷமா என்னைய ஏமாத்திட்டாரு, தங்கச்சி!"

தாய் தந்தை தந்தது

டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரம். அதுவரை வீட்டில் அக்கா அண்ணனோடு பேசவே இல்லையாம். முடிவு கேட்க இருவரும் வந்தார்கள்.

ஈரலில் சேரும் கொழுப்பை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிற மரபணு மாற்றம் ஒன்று உண்டு. அது அண்ணனுக்கு அம்மாவிடமிருந்தும் வந்திருந்தது, அப்பாவிடமிருந்தும் வந்திருந்தது. ஒல்லியாக இருந்தாலும் இப்படி ஆகலாம் என்றார் டாக்டர். குடிப்பவர் ரத்தத்தில் தெரிகிற அடையாளம் எதுவும் இவரிடம் இல்லை என்றும் சொன்னார். ஆனாலும் இனிப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும்.

அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. மேரி அக்கா எழுந்து போய், மடங்கிக் கிடந்த அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"எங்க அப்பாவ நெனச்சு உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். எந்திரிங்க, ஃபெர்ரி ஏறுற ஜெட்டி வரைக்கும் நானும் நடக்கறேன்."

ஈரலைப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் போதும், கூட வந்தவரின் மனசு ஆறத்தான் இரண்டு வாரம் பிடிக்கிறது.