முன் இருக்கையில் டீச்சர்

நிபோங் திபாலில் டீச்சர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அந்த இரட்டைச் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். துரு ஏறி, ஒரு மிதிகட்டைகூட அசையவில்லை. கணவர் இறந்த பிறகு டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஜார்ஜ் டவுனில் இருக்கும் தங்கை மகள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மூட்டை கட்ட உதவிக்குப் போயிருந்தேன்.

“பழைய இரும்புக்காரன் நாளைக்கு வர்றான். அவன் தூக்கிட்டுப் போவட்டும்லா” என்றார்.

“எனக்குக் குடுங்க டீச்சர். சரி பண்ணி ஓட்டுறேன்.”

நான் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவள். துருவுக்குப் பயந்தவள் அல்ல. ஆனால் அந்தச் சைக்கிளை நான் கேட்டதற்குக் காரணம் வேறு.

ஜார்ஜ் டவுனில், ஆரம்பப் பள்ளியில் அவர் என் வகுப்பாசிரியை. அவருடைய கணவருக்கு, நாங்கள் ‘சார்’ என்று அழைப்பவருக்கு, பார்வை கிடையாது. துறைமுகத்தை ஒட்டிய கப்பல் அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். குரலைக் கேட்ட மாத்திரத்தில் யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். தினமும் காலையில் டீச்சர் முன்னால், சார் பின்னால். அவரை அலுவலகத்தில் இறக்கிவிட்டு டீச்சர் பள்ளிக்கு வருவார். அந்தச் சைக்கிளைச் செய்தவர்கள் ஆண் முன்னால், பெண் பின்னால் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். முன்பக்கம் உயரமான குறுக்குக் கம்பி, பின்பக்கம் தாழ்ந்த கம்பி. கண் தெரியாதவர் முன்னால் உட்கார முடியாது. சேலையோடு அந்த உயரக் கம்பியைத் தாண்ட முடியாது. அதனால் டீச்சர் கால்சட்டை போட்டுக்கொண்டு ஓட்டிவந்து, மணி அடிப்பதற்கு முன் பள்ளியில் சேலைக்கு மாறிக்கொள்வார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பெரியவர்கள் சிரித்தார்கள். “பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டுப் போறான் பாரு” என்று கடை வாசலில் சத்தமாகவே சொல்வார்கள். கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்தார்களோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் அதே பேச்சு. பிறகு சில பெற்றோர் பள்ளிக்குப் புகார் கொண்டுபோனார்கள். தலைமையாசிரியர் எங்கள் வகுப்பு வாசலிலேயே டீச்சரை நிறுத்திக் கேட்டார். நாங்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“பொம்பளப் பிள்ளைங்க பாக்குதுங்க டீச்சர். சிலுவார் போட்டுக்கிட்டு, புருஷன பின்னால உக்கார வச்சிக்கிட்டு… நல்லாவா இருக்கு?”

“அவருக்குக் கண்ணு தெரியாது சார்.”

“அப்ப பஸ்ல போகச் சொல்லுங்க.”

“பஸ்ல போனாரு சார். வேற எடத்துல எறக்கி விட்டுட்டாங்க. சாக்கடையில விழுந்து கை ஒடைஞ்சது.”

தலைமையாசிரியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீச்சரும் சைக்கிளை விடவில்லை. அந்த ஆண்டு முடியும்போது நிபோங் திபாலுக்கு மாற்றல் வந்தது. டீச்சரின் கணவரும் வேலையை விட்டுவிட்டு உடன் போனார். அங்கே கண் தெரியாதவருக்கு வேலை தர ஆளில்லை. துறைமுகத்தில் பாதிப் பேரைக் குரலால் அறிந்தவர், மீதி வாழ்நாளை வீட்டுக்குள் வானொலியோடு கழித்தார். யாருடைய கண்ணுக்கு உறுத்தியது என்பதற்காக இது?

மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சங்கிலிகளைக் கழற்றியபோதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாரக்கணக்கில் துருவைச் சுரண்டினேன். புது டயர், புது பிரேக் கட்டை போட்டேன். துருவுக்கு அடியிலிருந்து பழைய பச்சை வண்ணம் தெரிந்தபோது என் மகள் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் பழைய பள்ளியின் விழாக்குழுவிலிருந்து ஒருவர் அழைத்தார்.

“அக்கா, அந்தச் சைக்கிள மேடையில வைக்கலாம்னு நெனைக்கிறோம். டீச்சரும் சாரும் அப்ப எவ்வளவு அன்பா போவாங்களாம். ‘காதல் சைக்கிள்’னு பேரு போட்டா நல்லா இருக்கும்லா.”

“வைங்க. டீச்சர ஏன் மாத்துனாங்கன்னும் பக்கத்துல எழுதி வைங்க.”

“பழசெல்லாம் எதுக்குக்கா கிளறணும்? நல்ல நாளும் அதுவுமா.”

“பழசு வேணாம்னா, பழைய சைக்கிள் மட்டும் எதுக்குத் தம்பி?” என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

டீச்சரிடம் சொன்னேன். “விடும்மா” என்றார். அவர் அப்படிச் சொன்னது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. பிறகு அவராகவே, “ஓடுதா அது? ஒரு தடவ கூட்டிட்டுப் போயேன்” என்றார்.

ஒரு ஞாயிறு காலை, எஸ்பிளனேட் கடற்கரை ஓரமாகப் போனோம். நான் கால்சட்டையோடு முன்னால்; யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சர் முதல் முறையாகப் பின் இருக்கையில். மெதுவாகத்தான் மிதித்தேன்.

“ஒண்ணுமே தெரியலயே” என்றார் கொஞ்ச தூரம் போனதும். “ஒன் முதுகு மட்டுந்தான் தெரியுது. முன்னால மேடு வருதா, லோரி வருதா, எதுவும் தெரியல.” கொஞ்ச நேரம் கழித்து, “அவரு ஒருநாள்கூட பயமா இருக்குன்னு சொன்னதில்லம்மா” என்றார்.

அந்த மனிதர் தன் மனைவி மேல் வைத்திருந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் ஊர் சிரித்தது. அதைத்தான் ஒரு பள்ளிக்கூடம் ஒழுக்கக்கேடு என்று சொல்லித் துரத்தியது. டீச்சர் மன்னித்திருக்கலாம், அது அவர் உரிமை. எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.