மூன்றாவது பொத்தான்

என்டர்ப்ரைஸ் ஆர்க்கிடெக்டாக எப்படித் தொடங்குவது என்று மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச முடியுமா என ஏனாத்தூரிலுள்ள கல்லூரியிலிருந்து கேட்டார்கள். என் மனைவி இறந்து நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒப்புக்கொண்டேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் தெருவில் இந்தத் தொழில் என்னவென்று யாருக்கும் தெரியாது. மாடி எடுக்க பிளான் போட்டுத் தருவீர்களா என்று கேட்டு இருவர் வந்திருக்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனத்தில் எந்த வேலை எந்தக் கணினியை நம்பி நடக்கிறது, ஒன்றை மாற்றினால் வேறு எது நின்றுபோகும் என்று முழுமைக்கும் படம் வரைந்து வைப்பது என் வேலை. இதை விளக்கியபோது மனைவி சொன்னாள்: “எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிக்கினு ஒண்ணுத்தையும் தொட மாட்டீங்க. அதானே?” இதைவிடச் சுருக்கமான வரையறையை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

பேச்சுக்கு ஓர் எளிய உதாரணம் வேண்டியிருந்தது. என் வீட்டையே வரையலாம் என்று ஒரு தாளை எடுத்தேன். எரிவாயு, மின்கட்டணம், பால், வங்கி, என் ஓய்வூதியம், என் ரத்தப் பரிசோதனை முடிவு என்று கட்டங்கள் போட்டு, எது எதை நம்பியிருக்கிறது என்று அம்புக்குறி இட்டேன். எல்லா அம்புகளும் அவளுடைய கைபேசி எண்ணில் போய் முடிந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொங்கவிடாதீர்கள் என்று வங்கிகளை எச்சரித்தே வாழ்நாள் முழுவதும் சம்பளம் வாங்கியவன் நான்.

அந்த எண்ணின் ரீசார்ஜ் அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. விட்டுவிட்டால் சில மாதங்களில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் விதி தெளிவானது. நம்பியிருக்கும் அனைத்தையும் வேறிடத்துக்கு மாற்று. மாற்றியபின் பழையதை நிறுத்து. நான் மாற்றத் தொடங்கினேன். நாளொன்றுக்கு ஒன்று. ஒரே மதியத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை. ஒவ்வொரு முறையும் மிக்சி பக்கத்தில் இருந்த அவள் கைபேசிக்கு ஓர் ஓ.டி.பி. வரும், அதைப் பார்த்து நான் என் கைபேசியில் தட்டுவேன். புதன்கிழமை மாலை தாளில் ஓர் அம்புகூட மிச்சமில்லை.

வியாழக்கிழமை பேசினேன். இந்த வேலையில் யாரும் நேராகத் தொடங்குவதில்லை என்று சொன்னேன். முதலில் சில ஆண்டுகள் ஒரே அமைப்போடு மல்லுக்கட்டுங்கள். அது எப்படியெல்லாம் பழுதாகும் என்று கற்றுக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்துத் துறைக்குப் போய் அவர்கள் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். சான்றிதழ், நேர்முகத்தேர்வுக்கு உதவும். நம் ஊரில் தேர் வரும்போது குறுக்கே உள்ள மின்கம்பியைக் கழற்றி, தேர் போனதும் மாட்டுகிறார்கள். தேரின் உயரத்தைக் குறைக்கலாமே என்று ஒருவரும் கேட்பதில்லை. எதைத் தொடக்கூடாது என்று அறிவதும் இந்தத் தொழில்தான் என்றேன். சிரித்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், பழைய சிஸ்டத்த எப்ப ஆஃப் பண்ணலாம்னு எப்டி கன்ஃபார்ம் பண்றது?”

வரைபடத்தை மட்டும் நம்பக்கூடாது என்று பதில் சொன்னேன். கொஞ்ச நாள் காத்திருந்து, இன்னும் யாராவது கூப்பிடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். நல்ல பதில். முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மிக்சி பக்கத்தில் அவள் கைபேசி இரண்டு முறை ஒலித்து நின்றது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தெருமுனையில், ஓரிக்கையிலிருந்து வரும் பூக்கார அம்மாள் கூடையோடு நின்றிருந்தார். வெள்ளிதோறும் அங்கே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மனைவி கேட்டைத் திறப்பாள். துக்க வீடு என்பதால் இத்தனை மாதம் அவர் வரவில்லை. நான் தாளில் வரைந்த படத்திலும் அவர் இல்லை.

கீழே இறங்கிப் போனேன்.

“கை தானா அமுக்கிடுச்சு சார்,” என்றார். “மூணாவது பட்டன அமுக்கினா அம்மா நம்பருக்குப் போவும்.”

எத்தனை முழம் என்று அவர் கேட்கவில்லை. எப்போதும் எவ்வளவு என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு முழம் மல்லி, சாமிக்குக் கொஞ்சம் சாமந்தி. பழக்கதோஷத்தில் அவர் கைபேசியைக் கேட்டேன். அதில் என் எண்ணைப் போட்டுத் தருவதாகச் சொன்னேன். சரியான நடைமுறை அதுதான்.

அவர் கைபேசியைக் கூடைக்குள் தள்ளினார். “வேணாம் சார். அம்மா போட்டுக் குடுத்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

பூவை அவள் படத்துக்குச் சாத்திவிட்டு ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைக்காரர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று தயங்கிக் கேட்டார்.

“ஒருத்தர் நம்பி இருக்காங்க,” என்றேன். “ஒரு வருஷத்துக்குப் போடுங்க.”

வீட்டுக்கு வந்து தாளை எடுத்து, ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். ஓரிக்கை என்று எழுதி, அங்கிருந்து அவள் எண்ணுக்கு ஓர் அம்பு வரைந்தேன். என் தொழிலின் விதிப்படி, இனி அதை நிறுத்த முடியாது.