ஆறு மலைப் பூக்களையும் அணைத்தவள் நான்

நான்தான் அணைத்தேன்.

மின்சாரம் போகவில்லை. அன்று காலை எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் மின்விசிறி நிற்கவில்லை. சுவரிலிருந்த சுவிட்சை, என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே, என் வலது கை விரலால் மேலே தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! ஈஸ்வரியின் பதினோரு நாளும் அந்தச் சத்தத்தோடு போயின.

நான் ஏதோ கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஒரு வீடியோ கேமை அணைத்தேன். ஆம், வெறும் விளையாட்டு! சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளில் நடந்தது. நான் தேவாரத்தில் பிறந்தவள். போடியில் வாழ்க்கைப்பட்டேன். என் கணவர் வீட்டுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் இருந்தது. ஈஸ்வரி என் கணவரின் தங்கை. பத்தொன்பது வயது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த என் கொழுந்தன் பாலு, கலர் டிவியோடு கூடவே அந்த வீடியோ கேம் பெட்டியையும் கொண்டுவந்தான்.

டிவியில் செருகினால் ஒரு குட்டி மனிதன் தோன்றுவான். ஓடுவான், தாவுவான், பாறையிலிருந்து பாறைக்கு ஏறுவான். ஆறு மலைகள். பறவைகள் மேலிருந்து கல் போடும். தப்பித்து உச்சிக்குப் போனால் அடுத்த மலை. தாவுகிற ஒவ்வொரு தாவலுக்கும் மேலே எண் ஏறும்.

பாதையோரம் பூக்களும் இருந்தன. எல்லாம் மொட்டுக்கள். குட்டி மனிதன் சும்மா கடந்து போனால் மொட்டாகவே நிற்கும். பக்கத்தில் போய்த் தொட்டால் மெல்ல விரியும், தலையாட்டும். சிலவற்றின் மீது குதித்தால் வளைந்து, அவனை மேலே எறியும். சில பூக்கள், அவன் ஓடாமல் ஆடாமல் அருகே நின்றால் மட்டுமே விரியும். ஒருமுறை விரிந்தது விரிந்தபடியே இருக்கும். திரும்பி வந்து பார்த்தாலும் அப்படியே நிற்கும்.

அந்தப் பூக்களுக்கு எண் கிடையாது. வெறும் அலங்காரம்!

வீட்டில் எல்லோரும் மலை ஏறினார்கள். ஈஸ்வரி ஒருத்திதான் பூக்களைத் தொட்டாள். ஒன்று விடாமல் தொட்டாள். தவறவிட்டதற்காக அரை மலை திரும்பி நடந்தாள்.

பாலுவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ கழுதை, அதுல பாயிண்டு கிடையாது. அது சும்மா அழகுக்கு வச்சது. வெரசா மேல போ."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பாயிண்டுக்காண்ணே பூ பூக்குது?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மதினி, நம்ம தோட்டத்து ஏலப்பூ பாத்திருக்கீகளா? செடி ஆளு ஒசரத்துக்கு நிக்கும். பூ மட்டும் தூருல, தரையோட தரையா கெடக்கும். வெள்ளையா இருக்கும், நடுவுல கத்திரிப்பூக் கலர்ல கோடு கோடா ஓடும். குனிஞ்சாத்தான் தெரியும்."

நான் பார்த்ததில்லை. மருமகளை யார் ஜீப்பில் ஏற்றித் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்கள்? அவளும் பத்து வயதில் பார்த்ததுதான். வயசுக்கு வந்த பிறகு, 'லோடு ஏத்துற ஜீப்புல பொம்பளப் பிள்ளைக்கு என்ன சோலி?' என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் சோற்றுக்கு அந்தப் பூவே ஆதாரம்... அந்த வீட்டுப் பெண்கள் அதைப் பார்க்கக் கூடாது! இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கும் அப்படி வந்திருந்தால் நான் அவள் பக்கம் நின்றிருப்பேன். வரவில்லையே!

அந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. அணைத்தால் எல்லாம் போய்விடும், மறுபடியும் முதல் மலை, எல்லாம் மொட்டு. அதனால் ஈஸ்வரி அதை அணைக்கவே இல்லை. டிவியை மட்டும் நிறுத்திவிட்டு, பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும்படி விட்டாள். சூடு ஏறாமலிருக்கப் பக்கத்தில் ஈரத்துணி விரித்து வைத்தாள். பதினோரு நாள், அதிர்ஷ்டவசமாக மின்வெட்டே இல்லை. ஐந்து மலைகளிலும் எல்லாப் பூவும் விரிந்துவிட்டன. ஆறாவதில் பாதிக்கு மேல் ஆகிவிட்டது.

"எல்லாம் பூத்துட்டா என்னடீ நடக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியல மதினி. ஒண்ணும் நடக்காட்டியும் பரவால்ல. எல்லாம் பூத்துக் கெடக்கிறத ஒருவாட்டி மொத மலையிலருந்து நடந்து பாக்கணும்."

என் மாமியார், எதற்கும் இசையாத அந்த மனுஷி, அதற்கு மட்டும் இசைந்தார். "போற பிள்ளை. இன்னும் எத்தன நாளைக்கு? வெளையாடட்டும்."

போற பிள்ளை, விளையாடட்டும்!

இந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. நானும் ஒரு வீட்டிலிருந்து போன பிள்ளைதானே? என்னை யார் விளையாடச் சொன்னார்கள்? தட்டச்சில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவள் நான். கல்யாணமான மூன்றாம் நாள், "இனிமே எதுக்குத்தா அந்த டக்கு டக்கு?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார் அதே மாமியார். நான் ஒரு வார்த்தை பேசினேனா? இல்லை. என் கோபத்தை எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டாமல், மடியில் கட்டி வைத்துக்கொண்டு அலைந்தேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஒருநாள் ஈஸ்வரி கேம் ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். "பிடிங்க மதினி. டைப் அடிச்ச வெரலு, என்னைய விட நல்லா வரும்." எனக்கு உள்ளூர ஆசைதான். அமர்ந்தேன். மூன்றாவது தாவலில் குட்டி மனிதன் பள்ளத்தில் விழுந்தான். பாலு விழுந்து விழுந்து சிரித்தான். "மதினிக்கு இது என்ன சோத்துக் கரண்டியா?"

ஈஸ்வரியும் சிரித்தாள். கேலிச் சிரிப்பு அல்ல, அவள் எதற்கும் அப்படிச் சிரிப்பவள்தான். ஆனாலும் சிரித்தாள்...

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. காலை பதினோரு மணி இருக்கும். வீடு முழுக்க வேலை. ஐம்பது பேருக்குச் சமையல், பலகாரத்துக்கு மாவு, பாத்திரம். மாமியார் மாடியில் அரிசி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து நான்கு முறை கூப்பிட்டேன்.

"ஈஸ்வரி, இந்தத் தேங்காயத் துருவிக் கொண்டா!"

"இந்தா வர்றேன் மதினி. ஒரே ஒரு பூவு."

நான்கு முறையும் ஒரே ஒரு பூவு.

பிறகு தையல்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது, ரவிக்கை அளவு பார்க்க. ஈஸ்வரி டிவியைக்கூட நிறுத்தாமல் எழுந்தாள். "மதினி, அப்பிடியே இருக்கட்டும். பத்தே நிமிசம். இன்னும் ஏழு பூத்தான் பாக்கி!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த முகம்! கல்யாணப் புடவையைக் காட்டியபோதுகூட அவள் முகம் அப்படி மலரவில்லை.

நான் மாவுக் கையைக் கழுவினேன். புடவையில் துடைத்தேன். அறைக்குள் போனேன். திரையில் அந்தக் குட்டி மனிதன் ஒரு பூவின் அருகே அசையாமல் நின்றுகொண்டிருந்தான். பூ அப்போதுதான் விரிந்து தலையாட்டியது. நான் அதைப் பார்த்தேன். அழகாக இருந்தது என்று நினைத்தேன்! நினைத்துவிட்டுத்தான் அணைத்தேன். உடனே மறுபடியும் போட்டேன். முதல் மலை வந்தது. எல்லாம் மொட்டு.

ஆத்திரத்தில் கண் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஆத்திரக்காரி ஏன் கையைக் கழுவுகிறாள்? ஏன் திரும்பப் போடுகிறாள்? தப்பிக்கத்தான் போட்டேன்.

நான் ஆட்டுக்கல்லுக்குத் திரும்பினேன். ஈஸ்வரி திரையைப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கரண்டு போயிட்டு வந்துச்சு" என்றேன், மாவைத் தள்ளிக்கொண்டே. "ஒரு நொடிதான்."

அவள் அழுதிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் உண்மை வாயில் வந்திருக்கும். அவள் அழவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை அணைத்து, ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தேங்காய் துருவினாள்.

"விடுங்க மதினி. கரண்டு என்ன செய்யும்? அதுக்குத் தெரியுமா?"

கரண்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே!

மாலையில் பாலு வந்து சிரித்தான். "நல்லதாப் போச்சு. ஒண்ணுமில்லாத பூவுக்கு இத்தன நாளு!" என் கணவரும் சிரித்தார். மாமியார், "சரி, போதும், நலங்கு வச்ச பிறகு பெட்டி முன்னால ஒக்காரக் கூடாது" என்றார். யாருமே ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது அவர்கள் எல்லோர் மேலும் பெரும் கோபம் வந்தது! அணைத்தவள் நான், கோபப்படுகிறவளும் நான்! எத்தனை அசிங்கம்! ஆனால் அந்தக் கோபம் பொய்யில்லை. ஒரு பெண் தனக்கென்று ஆசைப்பட்டு, எவருக்கும் பயனில்லாமல், எண்ணில் ஏறாமல் ஒன்றைச் செய்தால் அதற்கு இந்த வீட்டில் மதிப்பு இல்லை. அது அவர்கள் குற்றம். அதை முதலில் மதித்தவளும் நான்தான், மதித்ததனாலேயே அழித்தேன். அது என் குற்றம். இரண்டையும் ஒன்றாகக் கரைத்துவிட என்னால் முடியவில்லை.

இப்போது நீங்கள் சொல்லப் போவதும் எனக்குத் தெரியும். 'சின்ன விஷயம். அந்தப் பெண்ணே மறந்திருப்பாள்.' யாரைக் கேட்டுச் சொல்கிறீர்கள்? அவளைக் கேட்டீர்களா? நான் கேட்டேனா?

ஈஸ்வரி சின்னமனூருக்குப் போனாள். பாலு பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டுக் கப்பலேறினான். அடுத்த வருஷம் அவள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டால், "எதுனாலும் சரி மதினி" என்பாள். புளியோதரையா, எலுமிச்சைச் சாதமா? எதுனாலும் சரி. பச்சைப் புடவையா, நீலமா? எதுனாலும் சரி. ஏழு பூவுக்காகத் துடித்த பெண்ணா இவள்! புகுந்த வீடு அப்படி ஆக்கியதா, நான் ஆக்கியதா? எந்த அளவுக்கு நான்?

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள், மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"ஈஸ்வரி... அன்னைக்கு, கல்யாணத்துக்கு முன்னால, அந்த கேமு..."

அவள் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "அத ஏன் இப்ப? இதக் கேளுங்க. இவளுக்கு உங்க பேரையே வைக்கப் போறேன். அவுக வீட்டுலயும் சொல்லிட்டேன். இந்த வீட்டுல என்னைய மனசு கோணாமப் பாத்தது நீங்க ஒருத்திதான்."

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். 'வேண்டாம், அந்தப் பேருக்குத் தகுதியில்லை' என்று ஒரு வாக்கியம்! நான் குழந்தையின் நெற்றியைத் தடவினேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

விசாலம். அதுதான் என் பெயர். அவள் பெயரும் அதுவே.

குழந்தைக்கு மூன்று வயதானபோது ஒருமுறை சின்னமனூர் போயிருந்தேன். கூடத்தில் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். குழந்தை முற்றத்தில் மணலைக் குவித்து, குச்சிகளை வரிசையாக நட்டு, ஏதோ தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மாமியார் வாசலில் வந்து நின்று அதட்டினார்.

"அடி விசாலம்! ஆடுனது போதும், எந்திரி!"

குழந்தை தலையைக்கூடத் திருப்பவில்லை. அடுத்த குச்சியை நட்டாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.