நிலக்கரி மையில் ஒரு தெரு

நெய்வேலியில் மாலை ஆறு மணிக்குச் சென்னைப் பேருந்து ஏறினேன். காலை ஷிப்டு முடித்துவிட்டு வழியனுப்ப வந்திருந்தார் என் கணவர் அருள்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஜெர்மனியின் கிழக்கே, காட்புஸ் நகரத்தை அடுத்த ஒரு கிராமத்தில், கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இல்லம் ஒன்று இரண்டு மாதத்துக்கு என்னை அழைத்திருந்தது. அங்கேயும் பழுப்பு நிலக்கரி தோண்டுகிறார்கள். நெய்வேலி என்ற பெயரைப் பார்த்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

"இங்க இருக்கற மைன்ஸ் பத்தலன்னு அங்க போயி ஒரு மைன்ஸ பாக்கணுமா?" என்றார் அருள். "சரி, குளுரும். ரெண்டு ஸ்வெட்டரையும் போட்டுக்கினு இரு."

மறுநாள் பிற்பகல் பெர்லின். அங்கிருந்து காட்புஸுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் பைன் மரங்களும் காற்றாலைகளும். இல்லத்தின் பொறுப்பாளர் லூக்காஸ் நிலையத்துக்கு வந்து காரில் அழைத்துப் போனார். எனக்கென்று பெரிய அறை, நீள மேசை, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். காலையில் யாருக்கும் டிபன் கட்ட வேண்டாம். முதல் வாரம் அந்தச் சுகத்திலேயே கழிந்தது. ஒரு கோடுகூட விழவில்லை.

பிறகு ஒருநாள் லூக்காஸ் சுரங்கத்தின் விளிம்புக்குக் கூட்டிப்போனார். கீழே, பெரிய சக்கரத்தில் வாளிகள் கோத்த எந்திரம் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. ஊரில் பார்த்த அதே எந்திரம்.

"பார்த்தால் கோபம் வருகிறதா?" என்று கேட்டார்.

வரவில்லை. அப்பா ஓட்டிய எந்திரம் அது. எங்கள் சோறு, குவார்ட்டர்ஸ், என் கல்லூரிப் படிப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை. லூக்காஸ் எதிர்பார்க்கும் கோபமான ஓவியத்தை என்னால் வரைய முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இல்லத்தில் சமைப்பவர் மார்ட்டா, அறுபதைத் தாண்டியவர். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஒரு மதியம் உருளைக்கிழங்கு தோல் சீவியபடியே, என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். சொன்னேன். கத்தி நின்றது.

"என் ஊரைத் தோண்டியதும் அந்த மாதிரி எந்திரம்தான்," என்றார். "வீடு, சர்ச், எல்லாம் போயிற்று. வேறு இடத்தில் புது வீடு கொடுத்தார்கள். நல்ல வீடுதான். உங்கள் பக்கம் எப்படி?"

"பக்கத்தில் வளையமாதேவி என்ற ஊரில், என்னோடு படித்தவளின் வயல் சுரங்கத்துக்குப் போனது. இப்போதும் என்னோடு பேசுகிறாள். வயலைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்."

அதன்பின் சில நாள் மார்ட்டா தட்டை வைத்துவிட்டு உடனே அடுக்களைக்குத் திரும்பிவிடுவார். பிறகு ஒரு காலை அறைக்கே வந்து நின்றார்.

"என் வீட்டை வரைவாயா?"

"போட்டோ இருக்கிறதா?"

"எதற்கு? நான் சொல்கிறேன்."

அடுப்பெரிக்க வைத்திருந்த நிலக்கரிக் கட்டியை அரைத்துப் பிசின் கலந்தேன். காப்பி டிகாக்ஷன் போன்ற நிறத்தில் மை வந்தது. மார்ட்டா சொல்லச் சொல்ல வரைந்தேன். கதவு இன்னும் இடப்பக்கம், ஜன்னல் இவ்வளவு பெரிதில்லை, வாசலில் பேரி மரம். தப்பானதன் மேல் காகிதம் ஒட்டி மறுபடி வரைந்தேன். வாரக்கணக்கில் என் கை இவ்வளவு சந்தோஷமாக ஓடியதில்லை.

கடைசி வாரம், ஊரார் வந்து பார்க்கும் நாளில், மார்ட்டாவின் பழைய ஊர்க்காரர்களும் வந்தார்கள். படத்தின் முன் வாக்குவாதமே நடந்தது. அது பேரி இல்லை, ஆப்பிள் என்றார் ஒருவர்.

"என் வாசல் மரம் எனக்குத் தெரியாதா?" என்றார் மார்ட்டா.

எல்லோரும் சிரித்தார்கள். ஆப்பிள்காரர் தன் வீட்டையும் பக்கத்தில் போடச் சொன்னார். இன்னொருவர் சர்ச்சும் வேண்டும் என்றார். இடம் போதாமல் காகிதத்தோடு காகிதம் ஒட்டினேன். மாலைக்குள் ஒரு தெரு நீண்டிருந்தது.

இல்லத்தின் வழக்கப்படி ஒரு படத்தை அங்கே விட்டுவர வேண்டும். லூக்காஸ் தெருவைத்தான் கேட்டார். சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். அது மார்ட்டாவுக்கு, வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் சற்றுச் சுருங்கியது. பிறகு, நான் பொழுதுபோகாமல் வரைந்த எந்திரத்தின் படத்தை எடுத்துக்கொண்டார். தெருவை, மார்ட்டாவின் ஊர்க்காரர்கள் குடியேறிய புது ஊரின் மண்டபத்தில் மாட்டினார்கள்.

காட்புஸ் நிலையத்திலிருந்து அருளுக்குப் போன் செய்து, தெருப் படத்தைக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"இருக்கறதுலயே நல்ல படத்த யாருகிட்ட குடுத்துட்டு வர?"

"அந்த வூட்டுக்கெல்லாம் சொந்தக்காரங்ககிட்டதாங்க."

அப்பா ரிட்டயர் ஆனதும் காலி செய்த குவார்ட்டர்ஸில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்தி, கொடியில் யார் துணி காய்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். மார்ட்டாவுக்கு அப்படி நின்று பார்க்க இதுவரை ஓர் இடமில்லை. இப்போது அந்த மண்டபத்துச் சுவர் இருக்கிறது.