பெருமாள்மலைக்குக் கீழே இரண்டாவது வரிசை

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு வத்தலக்குண்டில் வாடகைக் காரில் ஏறினேன். கொடைக்கானல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் முருகேசன் அய்யம்பாளையத்துக்காரர். இருபது வருடமாக இந்த மலையில் ஏறி இறங்குகிறவர். வழியெல்லாம் நான் ஊரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவில் முந்துகிறவர்கள், வளைவிலேயே காரை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள், ஒருவரையும் விடவில்லை.

ஒன்பதே கால். பெருமாள்மலைக்குக் கீழே வண்டிகள் அசையவில்லை. இறங்குகிற பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஏமாளி மாதிரி எதற்கு நிற்க வேண்டும்? வலப்பக்கமாக ஏறிப் போகச் சொன்னேன்.

“வேணாம் சார். மேலருந்து வண்டி எறங்குச்சுன்னா சோலி முடிஞ்சிரும்” என்றார் முருகேசன்.

நான் விடவில்லை. வாடகை கொடுக்கிறவன் பேச்சை அவர் எத்தனை முறை தட்டுவார்? எடுத்தார். நாங்கள் கிளம்பியதுதான் தாமதம், பதினோரு வண்டிகள் எங்கள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டன.

ஒன்பது முப்பத்தைந்து. எதிரே ஆம்புலன்ஸ். தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போகிறது. உள்ளே வில்பட்டிக்காரர் ஒருவர், நெஞ்சுவலி. அவர் மனைவி இறங்கி ஒவ்வொரு கார் ஜன்னலாக வந்தார்.

“கொஞ்சம் ஒதுங்குங்க சார். எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது.”

எங்கே ஒதுங்க? இடப்பக்க வரிசையில் ஒருவரும் ஓரடி விடவில்லை. குறுக்கே புகுந்தவனுக்கு எதற்கு இடம் என்ற வீம்பு. சாகக் கிடக்கிறவரா குறுக்கே புகுந்தார்? ஆத்திரத்தோடு பின்னால் ஓடி, காரை எடுங்கள் என்று கத்தினேன்.

“நீங்க போனீங்கன்னுதான சார் நாங்களும் வந்தோம்” என்றார் முதல் காரில் இருந்தவர்.

முருகேசன்தான் கடைசி வண்டிவரை இறங்கி ஓடி, ஒவ்வொன்றாக, கடைசியில் எங்கள் காரையும், வரிசை முடிகிற இடம்வரை பின்னுக்கு நகர்த்தி ஒதுக்கினார். இருபத்திரண்டு நிமிடம். ஆம்புலன்ஸ் நகர்ந்ததும், கிடைத்த வழியை விடக் கூடாதென்று மேலிருந்து இறங்கிய இரண்டு கார்கள் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்துப் போயின. அவர்களைத் திட்ட வாயெடுத்தேன். எங்கள் பின்னால் வந்த பதினோரு வண்டிகளைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினேன்.

அந்த வில்பட்டிக்காரர் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. எங்களைக் கடக்கும்போது அந்த அம்மா ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கைகூப்பினார். வழிவிட்டேனாம்.