அலர்ஜி இல்லை, கிரந்தி

கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியில் முர்ஷிதிடம், கப்பலில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. லீவில் வந்து இறங்கிய மறுநாளே, முடிவெட்டும் கடையிலிருந்து பள்ளிவாசல் வாசல் வரைக்கும் அதே கேள்விதான். ஒருமுறை மீன் சந்தையில் வைத்து, அவனோடு படித்த றஸாக் நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே கேட்டான்.

"குக்கு வேலையாமே மச்சான்? பண்டி இறைச்சியெல்லாம் ஆக்குறயாமே?"

முர்ஷித் கோபப்படவில்லை. கையிலிருந்த பாரைக்குட்டியைப் புரட்டிச் செவுளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மத்தவனுகளுக்கு அங்க சாப்பாடு குடுக்கிற வேலை. எனக்குக் குடுக்காம உடுற வேலை."

"அதுக்கும் சம்பளம் தாறானுகளா?"

"அதுக்குத்தான் கூடத் தாறானுகள்."

சந்தையே சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த உல்லாசக் கப்பலில் ஒரு பயணத்துக்கு இரண்டாயிரத்து நானூறு பேர் ஏறுவார்கள். அவர்களில் கச்சான் என்கிற நிலக்கடலையின் ஒரு துணுக்குப் பட்டாலே மூச்சடைப்பவர்கள் இருப்பார்கள். கோதுமை ஆகாதவர்கள், பால் ஆகாதவர்கள், முட்டை ஆகாதவர்கள், மார்க்கத்துக்காகச் சிலதைத் தொடாதவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அவர்களுக்கென்று பெரிய சமையலறையின் ஒரு மூலையில் தனி அடுப்பு, தனிச் சட்டி, ஊதா நிறத்தில் தனிப் பலகை, தனிக் கத்தி. அந்த மூலைக்கு முர்ஷித்தான் பொறுப்பு. பன்றி இறைச்சி அந்த மூலைக்குள் வராது. அதற்காகவே முதல் வருடத்திலேயே அந்த இடத்தைக் கேட்டான். "பார்க்கலாம்" என்றார்கள். பார்த்து முடிய மூன்று வருடம் சென்றது. மூன்று வருடமும் உருளைக்கிழங்கு உரித்தான். பிறகு ஆறு வருடமாக ஊதாப் பலகை அவன் கையில்தான் இருக்கிறது.

கப்பலுக்கு முந்தி வேலை செய்த கட்டார் ஹோட்டலிலோ பாசிக்குடா ஹோட்டலிலோ அவன் கற்றுக்கொள்ளாத ஒன்று இந்த வேலைக்கு வேண்டியிருந்தது. அது வீட்டிலிருந்து வந்தது.

அவனுடைய ராத்தா ஜெஸீமா அவனைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்குக் கிரந்தி, சில சாப்பாடு பட்டாலே உடம்பு தடித்துவிடும். கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு இறால் ஆகாது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியார் சொன்னதை உம்மா ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருந்தார். இறால், கூனி இறால், நண்டு, கணவாய், சூரை, கத்தரிக்காய், அன்னாசி. முர்ஷித் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது பள்ளிக்கூடப் புத்தகத்தில் அல்ல, அந்தத் தாளில்தான். முதலில் வாசித்த சொல் 'இறால்'.

அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, உம்மா மரணம் நடந்த மையத்து வீடொன்றுக்குப் போயிருந்த ஒரு பகலில், அடுப்படியில் இரண்டு சட்டி இருந்தன. ஒன்றில் இறால் ஆணம். மற்றதில் ராத்தாவுக்குப் பருப்பு. இறாலைக் கிண்டிய அகப்பையாலேயே அவன் பருப்பையும் கிண்டினான். பத்து நிமிடத்தில் ராத்தாவின் உதடு தடித்தது. பிறகு கண் மூடிக்கொண்டது. பிறகு மூச்சு விசில் மாதிரி வந்தது. வாப்பா அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அந்தி படத் திரும்பி வந்தவள், வாப்பா இடுப்புப் பட்டியில் கை வைக்க முந்தி, "நான்தான் ஆசைக்கு ஒரு இறாலை எடுத்துத் திண்டுட்டன் வாப்பா" என்றாள். அவளுக்குத்தான் ஏச்சு விழுந்தது. அடுத்த நாள் காலையில் உம்மா குசினிக்குள் போனபோது, ராத்தாவின் அகப்பைக் காம்பில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. யார் சுற்றியது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது கப்பலில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

கப்பல் மத்தியதரைக் கடலில் போய்க்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டு நேரம். கல்முனையில் ஜும்ஆ தொழுகை முடிந்து, எல்லா வீட்டிலும் நெய்ச்சோறு போட்ட பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்து தின்று எழும்பிப் படுத்தும் இருப்பார்கள் என்று முர்ஷித் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமையில் அவனுக்கு அந்த மணம் வந்துவிடும். ரம்பை இலையும் ஏலமும் நெய்யும் கலந்த மணம். கப்பலில் அப்படி ஒன்று எந்தச் சட்டியிலும் இல்லை, ஆனாலும் வரும்.

அன்று தாய்லாந்துச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் வேகவைத்த வெள்ளை மீன், கத்தரிக்காய், ஓரத்தில் அன்னாசி. அந்த மீன் கறியின் அரைப்பில் காய்ந்த இறால் சேர்ந்திருப்பது, சமையலறையில் தொங்கும் பொருட்பட்டியலைப் பார்க்காமலே முர்ஷிதுக்குத் தெரியும்.

நாற்பத்தோராம் மேசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பெயர்: திருமதி அழகரெத்தினம். மாட்டிறைச்சி வேண்டாம். அலர்ஜி: இல்லை. அதன் கீழே, பரிமாறும் பெண் இரண்டு நாளாகப் பார்த்ததைப் பேனையால் எழுதியிருந்தாள்: சூரை மீன், கத்தரிக்காய், அன்னாசி தொடுவதில்லை.

மாட்டிறைச்சி இல்லாத கறி. மீனும் சூரை இல்லை. கத்தரிக்காயையும் அன்னாசியையும் எடுத்துவிட்டால் தட்டு போகலாம். பக்கத்தில் நின்றவன் தட்டைக்கூட நீட்டிவிட்டான். முர்ஷித் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, துண்டை இன்னொரு தரம் வாசித்தான்.

சூரை, கத்தரிக்காய், அன்னாசி. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒதுக்குகிற ஒரு மனிதப் பிறவியை அவனுக்குத் தெரியும். குசினிச் சுவரில் ராத்தாவுக்காக ஒட்டிய தாளில் இந்த மூன்றும் கடைசியில் இருந்தன. முதலில் இருந்த இறால்தான் இங்கே இல்லை. அழகரெத்தினம் என்பதும் அவனுடைய ஊர்ப் பக்கத்துப் பெயர்.

பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, இறால் அலர்ஜியா என்று கேட்டு வரச் சொன்னான். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அலர்ஜி ஒன்றும் இல்லையாம். மகனும் பக்கத்தில்தான் இருக்கிறார். இரண்டு பேரும் சொல்கிறார்கள்."

துண்டு சுத்தம். சொன்ன சொல்லும் சுத்தம். அனுப்பினால் யாரும் அவனைக் குற்றம் சொல்ல ஏலாது. அனுப்பாவிட்டால்தான் பிரச்சினை. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தட்டு பிந்தியிருந்தது. மூன்றாவது பிந்தினால் மறுபடியும் உருளைக்கிழங்குதான் என்று தலைமைச் சமையற்காரர் முந்தாநாள் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். சமையற்காரர்கள் விருந்தினர் மண்டபத்துக்குள் போகவும் கூடாது.

முர்ஷித் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வெள்ளைச் சட்டையின் பித்தானைக் கழுத்து வரை பூட்டினான். கதவைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் போனான்.

நாற்பத்தோராம் மேசையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, நெற்றியில் திருநீறு. பக்கத்தில் மகன்.

"அம்மா, உங்களுக்குக் கிரந்திச் சாமான் ஏதும் ஆகாதா?" என்று முர்ஷித் தமிழில் கேட்டான்.

அந்த அம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது.

"என்ட மனே! தமிழா? நீங்க எந்த ஊரு?"

"ஊரப் பொறகு சொல்றன். இறால் தின்பீங்களா, அதச் சொல்லுங்க."

"ஐயோ, இறாலா! அது பொல்லாத கிரந்தியெல்லோ. இவன் வயித்தில இருக்கக்குள்ள கூனிச் சம்பல் ஒரு வாய் வெச்சிட்டன். தொண்டை அடைச்சி, கண்ணு சொருகி, வண்டிலப் பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினவங்க. அதுக்குப் பொறகு இறால் கழுவின தண்ணியையும் கண்ணால பாக்கிறல்ல."

மகன் கரண்டியைக் கீழே வைத்தார். பவிதரன் என்று பெயர், கனடாவில் இருபது வருடம்.

"அம்மா! நான் படிவம் நிரப்பக்குள்ள அலர்ஜி இருக்கா எண்டு எத்தினை தரம் கேட்டன்? இல்லை எண்டுதானே சொன்னீங்க!"

"அலர்ஜி எனக்கு எங்க இரிக்கி? அது வெள்ளைக்காரனுக்கு வாற வருத்தம். இது கிரந்தி."

"ரெண்டும் ஒண்டுதானம்மா!"

"அதெப்பிடி ஒண்டாகும்? அதுக்கு ஊசி எல்லாம் வெச்சிருக்கானுகள். இதுக்குத் திண்ணாம உட்டாச் சரி."

பவிதரன் முர்ஷிதைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "நாங்க வீட்டில இறால் சமைக்கிறதே இல்ல. அம்மாக்குப் பிடிக்காது எண்டுதான் நான் நினைச்சிருந்தன்" என்றார்.

"இண்டைக்கு ஆக்கின மீன் கறியில இறால் அரைச்சிப் போட்டிரிக்கி அம்மா. உங்களுக்கு நான் வேற ஆக்கித் தாறன். கொஞ்சம் பிந்தும்."

"பிந்தட்டும் மனே. இனியாவது ஊரச் சொல்லன்."

"கல்முனைக்குடி."

"சரிதான் போ! நான் காரைதீவு. பஸ்ஸில ஏறி இருந்து சேலையைச் சரிசெய்ய முந்தி இறங்கிற தூரம். உன்னைப் பாக்க நான் கப்பல் ஏற வேண்டிக் கிடந்திருக்கே!"

முர்ஷித் திரும்பி ஓடினான். ஊதாப் பலகையில் புது மீன் துண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள். கடைசியில் தேங்காய்ப்பால், இறக்கும்போது பிழிந்த தேசிக்காய்ப் புளி. சட்டிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோனபோது ஒரு கணம் அவன் கப்பலில் இல்லை. உம்மா தலைத்துணியின் நுனியால் சட்டியைப் பிடித்து இறக்குகிற சத்தம் காதில் கேட்டது.

தட்டை அவனே கொண்டுபோனான். அந்த அம்மா ஒரு வாய் தின்று பார்த்தார்.

"சொதி நல்லாரிக்கி."

"எங்கட ஊட்டில இதுக்குப் பாலாணம் எண்டு பேர்."

"பேர் என்னவோ, உப்பு ஒரு கல்லுக் குறைவு" என்றார். ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

தலைமைச் சமையற்காரர் ஊதாப் பலகைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபத்தாறு நிமிடம். மூன்றாவது தட்டு. அதற்கு மேல் மண்டபத்துக்குள் வேறு போயிருக்கிறான். தாமதப் புத்தகத்தை நீட்டினார். அதில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. வழக்கமாக எல்லாரும் அடுப்பையோ ஆள் குறைவையோ எழுதுவார்கள். முர்ஷிதுக்கு இங்கிலீஷ் எழுத்து அவ்வளவாக ஓடாது. பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. யோசித்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான்: நாங்கள் கேட்ட கேள்வி பிழை.

"என்ன பிழை?"

"அலர்ஜி இருக்கிறதா என்று கேட்கிறோம். அது ஒரு நோயின் பெயர். பெயர் தெரியாதவர் இல்லை என்றுதான் சொல்வார். எதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துவராது என்று கேட்க வேண்டும்." பிறகு, தட்டில் போக இருந்தது என்ன, அந்த அம்மா சொன்னது என்ன என்பதை ஒன்றுவிடாமல் சொன்னான்.

ஓரமாக இருந்த அந்த முதல் தட்டை அவர் பார்த்தார். கறி ஆறி மேலே எண்ணெய் மிதந்தது.

"பிந்தியது பிந்தியதுதான். புத்தகத்தில் இருக்கட்டும்" என்றார். "ஆனால் உன்னை உருளைக்கிழங்குக்கு அனுப்பினால், நாளைக்கு யார் போய்க் கேட்பது? புது ஆட்கள் ஏறுகிற நாள். ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா. மேசை மேசையாக நீயே கேள்."

அடுத்த நாள் பகல் முர்ஷித் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் எழுதுவதற்கு ஒரு கொப்பியோடு மண்டப வாசலில் நின்றான். முதல் மேசையில் தடித்த ஒரு வெள்ளைக்காரர், மனைவியோடு. அலர்ஜியா என்று முர்ஷித் கேட்கவில்லை. ஆனால் அவர் பழக்கத்தில் அதற்குத்தான் பதில் சொன்னார்.

"அலர்ஜி எனக்கு ஒன்றும் கிடையாது."

"எதைச் சாப்பிட்டாலாவது உடம்புக்கு ஒத்துவராமல் போகுமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார்.

"ஸ்ட்ரோபெரி தின்றால் நாக்கு அரிக்கும். முகமும் கொஞ்சம் வீங்கும். அதெல்லாம் ஒரு விஷயமா?"

முர்ஷித் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொப்பியைத் திறந்தான். மேசை எண்ணையும் பெயரையும் இங்கிலீஷில் எழுதினான். அதற்கு நேரே, தனக்கு மட்டும் விளங்கினால் போதும் என்று, தமிழில் ஒரே ஒரு சொல் எழுதினான்: கிரந்தி.